உரக்கடைப் பொடியில லேசர் கல்லு வளக்குறது எப்படி

ராமநாதபுரத்துல உரக்கடைக்குப் போயி 0:52:34ங்கிற உரம் ஒரு கிலோ குடுங்கண்ணேன்னு கேட்டா வெள்ளப் பொடியா ஒரு பாக்கெட் எடுத்துக் குடுப்பாங்க, முண்டு மொளகா போட்டவங்க பூ எடுக்குற நேரத்துல தண்ணியில கலந்து அடிக்கிறது அதுதான். நான் போனப்போ கடைக்காரரு "எத்தனை ஏக்கரு தம்பி?"ன்னாரு. "ஏக்கர் எல்லாம் இல்லண்ணே, இதுல கிரிஸ்டல் வளக்கப் போறேன்"னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு "வளந்துச்சுன்னா கொண்டாந்து காட்டு"ன்னாரு. ஒன்றரை மாசம் கழிச்சு ஒரு பஞ்சுல சுத்தி கொண்டுபோயி காட்டுனேன், வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்தாரு, கண்ணாடியான்னு கேட்டாரு, நீங்க குடுத்த பொடிதாண்ணேன்னு சொன்னதும் கடையில நின்ன நாலு பேரும் வாங்கிப் பாத்தாங்க.

அந்தப் பொடி மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். 52ங்கிறது பாஸ்பரஸ் கணக்கு, 34ங்கிறது பொட்டாஷ் கணக்கு. இதையே பிசிக்ஸ் லேப்ல பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்னு சொல்லுவாங்க, சுருக்கமா கேடிபி. அமெரிக்காவுல லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்துல நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டின்னு ஒரு இடத்துல 192 லேசர் கதிரை ஒரே புள்ளியில குவிக்கிறாங்க, அந்த 192லயும் கதிரோட நிறத்தை மாத்துறது இந்த கேடிபி பலகைதான். அதுக்குன்னு வளத்த கல்லு ஒவ்வொண்ணும் 300 கிலோவுக்கு மேல கூட வந்திருக்கு. நம்ம ஊர்ல மொளகாச் செடிக்கு அடிக்கிற அதே உப்பு. எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

சரி, வேலைக்கு வருவோம். இதுல உங்களுக்குக் கெடைக்கப் போறது ஒரு சென்டிமீட்டர், ஒன்றரை சென்டிமீட்டர்ல நல்லா தெளிவான ஒரு கல்லு, அது நல்ல கல்லா இல்லையான்னு வீட்லயே சோதிச்சுப் பாக்குற வழி, அப்புறம் லேசருக்குள்ள கல்லு என்ன வேலை செய்யுதுங்கிற வெவரம். இந்தக் கல்லை வச்சு கையில இருக்குற லேசர் பாயிண்டரோட நிறத்தை மாத்த முடியாது, ஏன்னு பின்னாடி சொல்றேன், இப்பவே சொல்லிட்டா அந்த ஆசையில யாரும் எறங்க மாட்டீங்கள்ல.

மொதல்ல தண்ணி. நம்ம கரையோர போர் தண்ணி வேண்டவே வேண்டாம், கேன் தண்ணியும் சரிப்படாது, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் சீல் பிரிக்காத பாட்டிலா வாங்குங்க. கடையில கேக்கும்போது தெளிவா தண்ணின்னு சொல்லிக் கேளுங்க, ஆசிட்டும் அதே அலமாரியிலதான் இருக்கும். அப்புறம் ரெண்டு மூணு ஹார்லிக்ஸ் பாட்டில், ஃபில்டர் பேப்பர், ஒரு தெர்மாமீட்டர், சமையக்கட்டுப் பக்கம் திரும்பப் போகாத ஒரு பாத்திரம். இந்தப் பொடி பெரிய விஷம் கிடையாது, ஆனா வாயில படக்கூடாது, சின்னப் புள்ளைங்க இருக்குற வீட்ல பாட்டில் மேல பெருசா எழுதி ஒட்டிருங்க.

இப்ப சுத்தம் பண்றது. உரப் பொடியில இரும்பு, அலுமினியம் மாதிரி அழுக்கு துளித் துளி இருக்கும், செடிக்கு அது ஒண்ணும் பண்ணாது, ஆனா கல்லுக்கு அதுதான் எமன். அந்த அழுக்கு கல்லோட பக்கவாட்டு முகத்துல போயி ஒட்டிக்கிட்டு அந்தப் பக்கத்தை வளர விடாது, கல்லு நீளமா மட்டும் போயி நுனி ஒடுங்கி ஆணி மாதிரி ஆயிரும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துல வேலை பாத்தவங்களுக்கு நான் சொல்லப்போறது உடனே புரியும். கடல் தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்தி 25 டிகிரி போமே (தண்ணியோட அடர்த்தியை அளக்குற கணக்கு) வந்ததும் உப்பு விழ ஆரம்பிக்கும், 29, 30 தாண்டுச்சுன்னா மிச்சத் தண்ணியை வெளிய விட்ருவாங்க, ஏன்னா அதுக்கு மேல விட்டா மெக்னீசியம் சேந்து உப்பு கசக்கும். எங்க சித்தப்பா உப்பளத்துக்காரரு, பள்ளிக்கூடம் பாதியில நின்னவரு, தண்ணியைக் கையில தொட்டு வழிச்சுப் பாத்தே இப்ப எத்தனை டிகிரின்னு சொல்லுவாரு. நாம செய்யப்போறதும் அதேதான், விழுந்த கல்லை எடுத்துக்கிட்டு அழுக்கு தங்குன தண்ணியைத் தள்ளி வைக்கணும்.

கணக்கு இப்படி. 100 மில்லி தண்ணி 60 டிகிரி செல்சியஸ்ல சுமாரா 50 கிராம் கேடிபியைக் கரைச்சுக்கும், 40ல 35 கிராம், 30ல 28 கிராம், 20ல 22 கிராம் சொச்சம். அப்போ 400 மில்லி தண்ணியை 65 டிகிரிக்கு சூடு பண்ணி 200 கிராம் பொடியைக் கரைங்க, சூடு இருக்கும்போதே ஃபில்டர் பேப்பர்ல வடிங்க, துணியைப் போத்தி மூலையில வச்சு மெதுவா ஆற விடுங்க. மறுநாள் பாத்தா அடியில 80, 90 கிராம் அளவுக்குக் கல்லு கல்லா விழுந்து கெடக்கும். மேல நிக்கிற தண்ணியை வேற பாட்டில்ல ஊத்தி வைங்க, கீழ கொட்டிறாதீங்க, அதுக்கும் வேலை இருக்கு. பொறுமை இருக்குறவங்க பொடியை ரெட்டிப்பா எடுத்து இதையே ரெண்டு தடவை செய்யுங்க, ரெண்டு தடவை சுத்தம் பண்ணுனதுல வளர்ற கல்லுக்கும் ஒரு தடவை பண்ணுனதுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

இந்தச் சுத்தமான கல்லு 85 கிராம் இருக்குன்னா 280 மில்லி புதுத் தண்ணியில சூடு பண்ணிக் கரைச்சு மறுபடி வடிச்சுக்கங்க, இதுதான் வளர்ப்புக் கரைசல். இதுல ஒரு 50 மில்லியைத் தட்டையான கண்ணாடிக் கிண்ணத்துல ஊத்தி பேப்பரால மூடி வைங்க, ரெண்டு மூணு நாள்ல அடியில சின்னச் சின்னதா வித்து விழும், பெருசா வளக்கப் போற குட்டிக் கல்லு அதுதான். பூதக்கண்ணாடி இருந்தா எடுத்துப் பாருங்க, நாலு பக்கம் செங்குத்தா நிக்கும், ரெண்டு நுனியிலயும் கூம்பு மாதிரி கூரை போட்டிருக்கும், யாரும் பட்டை தீட்டாம தானா வந்த வடிவம் அது. அதுல மூணு மில்லிமீட்டர் அளவுல, உள்ள வெள்ளையா புகை இல்லாம, வேற கல்லோட ஒட்டாம தனியா கெடக்குற ஒண்ணைப் பொறுக்கி எடுங்க. இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் ஆனாலும் பரவால்ல, ஏன்னா வித்துல இருக்குற கீறல் வளந்த கல்லு பூரா வரும்.

வித்தைக் கட்டித் தொங்க விடுறதுக்கு நூலு எடுக்காதீங்க, நூல்ல பிசிறு இருக்கும், ஒவ்வொரு பிசிறுலயும் ஒரு குட்டிக் கல்லு முளைக்கும். நம்ம ஊர்ல தங்கூசிக்கா (மீன் பிடிக்கிற நைலான் நரம்பு) பஞ்சம், வலை பின்றவங்ககிட்ட கேட்டா இருக்குறதுலயே மெல்லிசா ஒரு முழம் வெட்டிக் குடுப்பாங்க, வழவழன்னு இருக்கும், தண்ணி குடிக்காது, அதுல எதுவும் ஒட்டாது. வித்தோட இடுப்புல ஒரு சுருக்குப் போட்டு இறுக்கி, மறுமுனையை ஒரு குச்சியில கட்டி பாட்டில் வாய்க்குக் குறுக்க வைங்க, வித்து கரைசலுக்கு நடுவுல நிக்கணும்.

தொங்க விடுறதுக்கு முன்னாடி கரைசல் சரியான பதத்துல இருக்கான்னு பாக்கணும். வேண்டாத ஒரு குட்டிக் கல்லை உள்ள போட்டு பாட்டிலுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க. கல்லுல இருந்து கானல் மாதிரி ஒரு கோடு நெளிஞ்சு நெளிஞ்சு கீழ எறங்குச்சுன்னா கல்லு கரையுது, கரைசல் பசியா இருக்குன்னு அர்த்தம். அதே கோடு மேல ஏறுச்சுன்னா கல்லு வளருது, உப்பைக் கல்லுக்குக் குடுத்துட்ட தண்ணி எடை கொறஞ்சு மேல போகுது. இதை நான் மொத மொதலா பாத்தப்போ பத்து நிமிஷம் அசையாம உக்காந்திருந்தேன், வளர்றது கண்ணுக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறோம், தெரியுது. கோடு எதுவும் இல்லாம அமைதியா இருந்தா அதுதான் பதம். அந்தப் பதத்துக்கு மேல ரெண்டு மூணு டிகிரி கூட்டிட்டு வித்தை எறக்குங்க, மேல்தோல் லேசா கரைஞ்சு கைபட்ட அழுக்கெல்லாம் போயிட்டு அப்புறம் வளரத் தொடங்கும்.

வாயை பிளாஸ்டிக் ஷீட் போட்டுக் கட்டி ஊசியால அஞ்சாறு ஓட்டை போடுங்க, அவ்வளவுதான் தண்ணி வெளிய போகணும். அப்புறம் சூடு. பகல்ல 34, ராத்திரி 27ன்னு ஏறி எறங்குனா பகல்ல கல்லு கரையும் ராத்திரி அவசரமா வளரும், அந்த அவசரத்துல தண்ணிக் குமிழை உள்ள வச்சுப் பூசிரும், உள்ள வெள்ளை வெள்ளையா தெரியுறது அதுதான். லேப்ல இதுக்கு கான்ஸ்டன்ட் டெம்பரேச்சர் பாத் இருக்கு, டிகிரியில நூறுல ஒரு பங்கு கூட மாறாம பாத்துக்கும். நமக்கு மீன் ஏத்துற தெர்மாகோல் பெட்டி இருக்கு. மண்டபத்துலயோ பாம்பன்லயோ பழசு ஒண்ணு வாங்கி நல்லா கழுவி வெயில்ல காய வச்சு, உள்ள ஒரு பக்கெட் தண்ணி வச்சு, அந்தத் தண்ணிக்குள்ள பாட்டில் கழுத்து வரைக்கும் முங்குற மாதிரி நிறுத்தி பெட்டியை மூடுங்க, மூடியை ஒரு ஓரமா விரல் அளவு தள்ளி வைங்க, ஈரம் வெளிய போகணும்ல. ஐஸைக் காப்பாத்துற பெட்டி கரைசலையும் காப்பாத்தும். வெளிய ஏழு டிகிரி ஆடுனாலும் உள்ள ஒண்ணு ஒன்றரைக்கு மேல ஆடலை, நான் ஒரு வாரம் காலையும் சாயங்காலமும் எழுதி வச்சுப் பாத்தேன். ஃபேனுக்குக் கீழ, பஸ் போற ரோட்டுப் பக்கத்து சுவரு ஓரம், கதவு அடிக்கிற எடம் இதெல்லாம் வேண்டாம், உள் அறையில தரையில வைங்க.

எந்த மாசம் நல்லதுன்னா எனக்குத் தோதா வந்தது மாசி, பங்குனி. ஐப்பசி, கார்த்திகையில காத்துலயே தண்ணி நிக்கும், கரைசல் வத்தவே வத்தாது, ஒரு மாசம் ஆனாலும் கல்லு அப்படியேதான் இருக்கும். ரொம்ப நாள் ஆனா கரைசல்ல வெள்ளையா நூல் மாதிரி பூஞ்சை வரும், பாஸ்பேட்டு அதுங்களுக்கும் சாப்பாடுதான், மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு ரெண்டு சொட்டு ஆரம்பத்துலயே விட்டுட்டா வராது.

மூணு நாலு வாரம் தொடக்கூடாது. தினமும் திறந்து பாக்கத் தோணும், கையை அடக்குங்க. நான் எம்எஸ்சி ப்ராஜெக்ட் பண்ணுனப்போ அஞ்சு வாரம் வளத்த கல்லு ஒண்ணு, அந்த டெம்பரேச்சர் பாத்துக்குள்ள 40 டிகிரியில இருந்துச்சு, பொங்கல் லீவுக்கு ஊருக்கு வந்தப்போ யாரோ லேப் மெயினை அணைச்சுட்டாங்க. திரும்பிப் போயி பாத்தா கரைசல் ஒரே ராத்திரியில ஆறிப் போயி ஆயிரக்கணக்குல குட்டிக் கல்லு மழை மாதிரி கொட்டி, என் கல்லு மேல எல்லாம் சிரங்கு புடிச்ச மாதிரி ஒட்டி நிக்குது. யாரையும் திட்டவும் முடியல, மெயினை அணைக்கிறது வழக்கம்தான், நான்தான் சீட்டு எழுதி ஒட்டிருக்கணும். அழுகை வந்துச்சு, உண்மையிலயே.

அந்த மூணு நாலு வாரத்துல லேசர்ல கல்லு என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்குவோம்.

மொத வேலை வெளிச்சத்தை உண்டாக்குறது. 1960 மே 16ஆம் தேதி கலிஃபோர்னியாவுல தியோடர் மைமன் எரிய வச்ச முதல் லேசர் ஒரு கெம்புக் கல்லுதான். முத்தும் கல்லும் வித்த ஊரு கீழக்கரை, அங்க கெம்பு தெரியாதவங்க கம்மி, ஆனா மைமன் வச்சது மண்ணுல தோண்டுனது கிடையாது, செஞ்ச கல்லு, அதுவும் ரத்தச் செவப்பா இல்லாம வெளிறிப் போன ரோஸ். அலுமினியம் ஆக்சைடுல குரோமியம் 0.05 சதவீதம் மட்டும், அந்தத் துளி குரோமியம்தான் ஃபிளாஷ் லைட்டோட சக்தியை வாங்கி வச்சு 694 நானோமீட்டர் அலைநீளத்துல செவப்பா திருப்பிக் குடுத்துச்சு. அதுக்குப் பின்னாடி 1964ல வந்தது யாக், இட்ரியம் அலுமினியம் கார்னெட், அதுல நியோடிமியம் ஒரு சதவீதம் அளவுக்குக் கலந்தா 1064 நானோமீட்டர்ல கண்ணுக்குத் தெரியாத கதிர் வரும். தூத்துக்குடி, திருநெல்வேலி கடக்கரையில செவப்பா ஒதுங்குற கார்னெட் மணலுக்கும் இதுக்கும் அணுக்கள் அடுக்கியிருக்குற முறை ஒண்ணுதான், உள்ள இருக்குற சரக்குதான் வேற. எங்க அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷத்துல மறுபடி மங்கலாச்சு, லென்ஸுக்குப் பின்னாடி இருக்குற சவ்வு மூடிருச்சுன்னு சொல்லி யாக் லேசர் வச்சாங்க, கத்தி இல்ல கட்டு இல்ல, அன்னைக்கே பஸ் ஏறி வந்துட்டாங்க. அப்பத்தா கண்ணைத் திறந்து விட்டது ஒரு கல்லுல இருந்து வந்த வெளிச்சம், அதை அவங்ககிட்ட சொன்னப்போ "கல்லுக்குள்ள ஈரம்னு சொல்லுவாக, வெளிச்சமும் இருக்கா"ன்னாங்க.

ரெண்டாவது வேலை நிறத்தை மாத்துறது, நம்ம கேடிபி செய்யுறது இதுதான். 1961ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பீட்டர் ஃப்ராங்கனும் கூட்டாளிகளும் கெம்பு லேசரோட 694ஐ குவார்ட்ஸ் கல்லுக்குள்ள விட்டாங்க, வெளிய வந்ததுல துளியூண்டு சரி பாதி அலைநீளத்துல, 347ல, அல்ட்ரா வயலெட்டா இருந்துச்சு. போட்டோத் தகட்டுல அது ஒரு சின்னப் புள்ளி. அச்சுக்குப் போனப்போ அந்தப் புள்ளியை தூசின்னு நெனைச்சு அழிச்சுட்டாங்க, கட்டுரை வந்தப்போ அம்புக்குறி மட்டும் இருந்துச்சு, புள்ளியைக் காணோம்.

எப்படி மாறுது? வெளிச்சம் ஒரு அலை, அது கல்லுக்குள்ள போகும்போது எலக்ட்ரானை முன்னும் பின்னும் ஆட்டும். உப்புக்கல்லுல முன்னால தள்ளுனாலும் பின்னால இழுத்தாலும் ஒரே மாதிரிதான் ஆடும், ஏன்னா அதோட அடுக்குல நடு மையம்னு ஒண்ணு இருக்கு, எந்தப் பக்கம் பாத்தாலும் சமம். கேடிபியில அந்த மையம் கிடையாது, ஒரு பக்கம் லேசா ஆடும் மறுபக்கம் இறுக்கிப் புடிக்கும், அந்தக் கோணல் ஆட்டத்துல இருந்துதான் ரெட்டை வேகத்துல அதிர்ற, அலைநீளம் பாதியான ஒரு புது அலை கெளம்புது. ஆச்சரியம் என்னன்னா நாம வாயில போடுற கற்கண்டுலயும் அந்த மையம் கிடையாது, பெரிய லேசர் அடிச்சா சர்க்கரைப் பொடியும் நிறத்தை மாத்தும். படிகாரம் எவ்வளவு அழகா வளந்தாலும் மாத்தாது. தமிழ்நாட்டுல கிரிஸ்டல் வளக்குற பசங்க எல்லாரும் கல்லைப் பொடி பண்ணி 1064 அடிச்சு, அதுல பாதியா 532ல எவ்வளவு பச்சை வருதுன்னு பாத்து "கேடிபியை விட இத்தனை மடங்கு"ன்னுதான் தீசிஸ்ல எழுதுவாங்க, 1968ல கர்ட்ஸ், பெர்ரி ரெண்டு பேரும் சொல்லிக் குடுத்த முறை அது. படி அளக்க மரக்கா மாதிரி இதுக்குக் கேடிபி.

ஆனா கோணம் சரியில்லைன்னா ஒண்ணும் வராது. கரைவலை இழுக்கும்போது பாத்திருப்பீங்க, கயித்துல இருபது பேரு நிக்கிறாங்க, அம்பாப் பாட்டு சொல்லி எல்லாரும் ஒரே நேரத்துல இழுத்தாதான் மடி நகரும், ஆளுக்கொரு நேரத்துல இழுத்தா ஒருத்தன் பலத்தை இன்னொருத்தன் தின்னுருவான். கல்லோட முன்பக்கத்துல பொறந்த பச்சையும் நடுவுல பொறந்த பச்சையும் கடைசியில பொறந்த பச்சையும் அப்படி ஒரே தாளத்துல சேரணும். பிரச்சினை என்னன்னா கல்லுக்குள்ள பச்சை மெதுவா போகும், 1064 வேகமா போகும், தாளம் தப்பிரும். கேடிபியில 1064க்கு ஒளிவிலகல் எண் (இது கூடுனா வேகம் கொறையும்) 1.494, பச்சைக்கு 1.512. ஆனா இந்தக் கல்லுல பச்சைக்கு இன்னொரு எண்ணும் இருக்கு, 1.471, வெளிச்சம் எந்தப் பக்கமா அதிருதுங்கிறதைப் பொறுத்தது. அப்போ கல்லைச் சாய்ச்சுக்கிட்டே வந்தா 1.512க்கும் 1.471க்கும் நடுவுல எங்கயோ 1.494 வரும்ல, அந்தச் சாய்வு கல்லோட நீள அச்சுல இருந்து சுமாரா 41 டிகிரி. அந்தக் கோணத்துல வெட்டிப் பட்டை போட்டாதான் அது லேசர் கல்லு, வெட்டாத வரைக்கும் அழகான உப்பு. வேணும்ங்கிற திசையிலயே கல்லை வளத்துட்டா வெட்டுல வீணாகாதேன்னு 2005ல நம்ம ஆளுங்க சங்கரநாராயணனும் ராமசாமியும் ஒரு வழி கொண்டாந்தாங்க, கண்ணாடிக் குழாயோட அடியில வித்தை வேண்டிய பக்கம் திருப்பி வச்சு மேல மட்டும் சூடு காட்டி நேரா மேல வளக்குறது, எஸ்ஆர் மெத்தட்னு உலகம் பூரா அதே பேருலதான் சொல்றாங்க.

பாயிண்டரால ஏன் முடியாதுன்னா, இந்த மாத்துற வேலை வெளிச்சத்தோட அடர்த்திக்கு வர்க்கமா ஏறும், வெளிச்சம் பத்து மடங்கு கொறஞ்சா புது நிறம் நூறு மடங்கு கொறையும். பாயிண்டரோட மில்லிவாட்டுக்கு வர்றது எதுலயும் அகப்படாது. ஆனா பச்சைப் பாயிண்டர் வச்சிருந்தீங்கன்னா அதுக்குள்ளயே ரெண்டு கல்லு இருக்கு. 808 நானோமீட்டர் டயோடு ஒரு வனடேட் கல்லை எரிய வைக்கும், அதுல 1064 வரும், பக்கத்துல ஒட்டி வச்சிருக்குற பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் அதை 532 பச்சையா மாத்தும். இதையும் சுருக்குனா தமிழ்ல கேடிபின்னுதான் கேக்கும், கொழப்பிக்காதீங்க, அது KTP, நம்மளது KDP, அது நம்ம கேடிபியை விட பல மடங்கு வலு, தண்ணியில கரையாது, ஆனா நம்ம பாட்டில்ல வளராது. விமானத்துல இருந்து கடலோட ஆழத்தை அளக்குற லிடார்ல அடிக்கிறதும் இதே 532 பச்சைதான், 1064 தண்ணியோட மேற்பரப்புலயே நின்னுரும், பச்சை உள்ள போயி தரையைத் தொட்டு வரும்.

மூணாவது, கதிரைத் திறந்து மூடுற வேலை. கேடிபிக்கு ஆயிரக்கணக்குல வோல்ட் குடுத்தா வெளிச்சம் அதிர்ற பக்கத்தைத் திருப்பிரும், மின்சாரத்தை விட்டு எடுக்குற வேகத்துல, நானோ செகண்டுல, கதவு திறந்து மூடுற மாதிரி. பாக்கல்ஸ் செல்னு பேரு.

சரி, கல்லு வளந்தாச்சு. எடுக்குற அன்னைக்கு அவசரப்படாதீங்க, தங்கூசியைப் பிடிச்சு மெதுவா தூக்கி உடனே மெல்லிசு டிஷ்யூவால ஒத்தி எடுங்க, தண்ணியில கழுவாதீங்க, வாயால ஊதாதீங்க, உள்ளங்கையில வச்சு மூடாதீங்க. கை சூட்டுல டிக்குன்னு ஒரு சத்தம் வரும், பாத்தா நடுவுல விரிசல். எனக்கு நடந்திருக்கு.

மொதச் சோதனை பழைய எல்சிடி மானிட்டர், இல்லன்னா லேப்டாப். வெள்ளைத் திரையைப் போட்டு போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியா பாத்து, கிளாஸைத் திருப்பிக்கிட்டே வாங்க, ஒரு எடத்துல திரை கருப்பாயிரும். அந்தக் கருப்புல கல்லுப்பு ஒண்ணை வைங்க, கருப்பாவே இருக்கும். கற்கண்டை வைங்க, பளிச்சுன்னு எரியும். நம்ம கேடிபியைப் படுக்க வச்சுத் திருப்புங்க, அதுவும் எரியும், ஆனா நீள அச்சு வழியா நேரா பாத்தா அணைஞ்சிரும். வீட்லயே கல்லோட அச்சு எதுன்னு கண்டுபுடிக்கிற வழி இது. எரியும்போது ஒரே சீரா எரியணும், திட்டுத் திட்டா எரிஞ்சா உள்ள இறுக்கம் இருக்கு, இல்லன்னா ரெண்டு கல்லு ஒட்டி வளந்திருக்கு.

ரெண்டாவது சோதனை செவப்பு பாயிண்டர், ஒரு மில்லிவாட்டுக்குக் கீழ உள்ளது போதும். பாயிண்டரைக் கையில பிடிக்காதீங்க, செங்கல்லுக்கு நடுவுல வச்சு இறுக்கி மேசை மட்டத்துல சுவத்தைப் பாத்து நிறுத்துங்க, உங்க கண்ணு மேசைக்கு ரொம்ப மேல இருக்கணும், ஒக்காந்து அந்த மட்டத்துக்குக் குனியவே கூடாது, புள்ளைங்க அறையில இருக்கக்கூடாது. கல்லோட முகம் ஒவ்வொண்ணும் கண்ணாடி, கதிர் எந்தப் பக்கம் தெறிக்கும்னு சொல்ல முடியாது, அதனால சுத்தி கருப்பு அட்டையை நிறுத்துங்க. அறையை இருட்டாக்கிட்டு மேல இருந்து பாத்தா நல்ல கல்லுக்குள்ள கதிர் போற தடமே தெரியாது, உள்ள நுழையுற எடத்துல ஒரு புள்ளி, வெளிய வர்ற எடத்துல ஒரு புள்ளி. குமிழ் இருந்தா தடம் பூரா நட்சத்திரம் கொட்டுன மாதிரி மின்னும், பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா நிஜ லேசர்ல அந்த ஒவ்வொரு குமிழும் சூடாகி வெடிக்கிற எடம். இதுக்குப் பச்சைப் பாயிண்டர் வேண்டாம், மலிவா வர்றதுல அகச்சிவப்பைத் தடுக்குற ஃபில்டரே சிலதுல இருக்காது, 1064ம் 808ம் கண்ணுக்குத் தெரியாம கூடவே வரும், தெரியாததால கண்ணு இமைக்கவும் செய்யாது, விழித்திரை வெந்துரும். தயவுசெஞ்சு இந்த ஒரு விஷயத்துல சாமர்த்தியம் காட்டாதீங்க.

பத்திரமா வைக்கிறது நம்ம கரையில தனி வேலை. கேடிபி காத்து ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனா உப்புக் காத்துல வர்ற தூசி மேல வந்து ஒக்காந்து, அதுல இருக்குற மெக்னீசியம் ஈரத்தை இழுத்து, அந்த ஈரம் கல்லு முகத்தைக் கரைச்சு அம்மைத் தழும்பு மாதிரி ஆக்கிரும். சமையக்கட்டுல கல்லுப்பு ஜாடி கசியுதே, அதே காரணம். சுத்தமான உப்புலயே பெரிய கல்லு வளத்து பலகையா வெட்டி அகச்சிவப்புக் கதிருக்கு ஜன்னலா வைப்பாங்க, கார்பன் டை ஆக்சைடு லேசரோட 10.6 மைக்ரான் கதிர் சாதாரண கண்ணாடியில போகாது, உப்புல போகும், ஆனா ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டுனா அந்த ஜன்னல் வேர்த்துரும், நம்ம ஊர்ல விடியக்காலையில அது எத்தனை நாள் தாண்டுதுன்னு சொல்லவே வேண்டாம். அதனால இறுக்கமா மூடுற டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டு, கல்லைப் பஞ்சுல வச்சு மூடுங்க, மாசம் ஒரு தடவை ஜெல்லை வாணலியில வறுத்து ஈரம் போக்கிட்டு ஆறுனதும் திரும்பப் போடுங்க.

தள்ளி வச்ச தண்ணி ரெண்டு பாட்டில் இருக்கும்ல, அழுக்கு தங்குனதும் வளத்து முடிச்ச மிச்சமும், பெராக்சைடு விட்ட பாட்டிலை மட்டும் ரெண்டு நாள் திறந்து வச்சுட்டு, எல்லாத்தையும் லிட்டருக்கு 5 கிராம் கேடிபி வர்ற மாதிரி நல்ல தண்ணி கலந்து சாயங்காலமா செடிக்குத் தெளிச்சு விடுங்க. எங்க வீட்டு வாசல்ல ரெண்டு முண்டு மொளகாச் செடி நிக்குது, கல்லு வளந்த வருஷம் அதுவும் நல்லா காய்ச்சுது.